சுண்டு விரல்

மிரேய் கோத்தானைப் பார்த்தால் முதலில் பயம் வரும், பழகினால் போய்விடும். பழகும் அளவுக்கு யாரையும் அவள் நிற்கவிட்டதில்லை என்பதுதான் சிக்கல்.

பாரிஸில், பிகால் சரிவுக்குக் கீழே, ஓவியர் மெரியெல் வாழ்ந்த வீட்டில் அவள் காவல்காரி. வீடு இப்போது அருங்காட்சியகம். ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கவிஞர்களும் பாடகிகளும் கூடி, கவிதை வாசித்து, காதலித்து, சண்டை போட்டுக்கொண்டு போன இடம். அவர்கள் விட்டுப்போன மோதிரம், விசிறி, முடிக்கற்றை எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஒன்று மட்டும் கயிற்றுக்குப் பின்னால், வெல்வெட் மெத்தையில் திறந்தபடி கிடக்கிறது. ஒரு பியானோ மேதையின் வலது கை, வெள்ளைச் சாந்தில் வார்த்தது.

இசைக்கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதன்மேல் ஒரு கண். பரீட்சைக்கு முன்னால் அதைத் தொட்டால் விரல் பிசகாதாம்.

"கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க!" என்று மிரேய் பாய்வாள். "தொட்டா வித்தை ஒட்டிக்குமா? வீட்டுக்குப் போயி உக்காந்து வாசிங்க!"

தன் காவலில் ஒரு விரல்கூட அதன்மேல் பட்டதில்லை என்பது அவளுடைய பெருமை. வாசலில் டிக்கெட் கொடுக்கும் தியெரி அதைக் கேட்கும்போதெல்லாம் பவ்யமாகத் தலையாட்டுவான்.

ஐம்பதைத் தாண்டியபின் இவளுக்கும் பியானோப் பைத்தியம் பிடித்தது. பழைய மின்பியானோ ஒன்றை வாங்கி, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பயந்து ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு பழகினாள். ஜூனில் ஊரெல்லாம் தெருவில் பாடும் இசைநாள் வந்தது. இந்த வருடம் ஊழியர்களே மெரியெலின் ஓவியக்கூடத்தில் வாசிக்கட்டும் என்றார்கள். தியெரி அவளைக் கேட்காமலே அவள் பெயரைக் கொடுத்துவிட்டான். "இந்த வயசுல உனக்கு எதுக்குடி இது?" என்று சிரித்த அக்கா ரெஜின், அதைப் பார்ப்பதற்கென்றே நான்த் நகரத்திலிருந்து ரயிலேறி வந்துவிட்டாள்.

வாசிக்க வேண்டியது வால்ஸ் என்கிற ஒரு சின்ன நடன மெட்டுதான். ஆனால் அக்கா முன்னால் சொதப்பினால் செத்தாலும் கேலி தீராது. அன்று மாலை மிரேயின் விரல்கள் ஐஸாகிவிட்டன. கால் தானாக அந்த அறைக்குப் போயிற்று. யாரும் இல்லை. கயிற்றைத் தூக்கினாள்.

"கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க மேடம்!"

திரும்பினால், போன மாதம் இவள் விரட்டியடித்த மாணவி நொயெமி. கச்சேரி கேட்க வந்தவள், கதவோரம் நின்று வாயைப் பொத்திச் சிரிக்கிறாள்.

மிரேய் சமாளித்தாள். "தூசி தட்ட வந்தேன்."

"எங்களுக்கும் அதே வேலைதான் மேடம். சுண்டு விரலப் பாருங்க."

குனிந்து பார்த்தாள். மற்ற விரல்கள் மங்கலாக இருக்க, சுண்டு விரல் நுனி மட்டும் தேய்ந்து பளபளத்தது.

"எப்போ?"

"நீங்க சாப்பிடப் போறப்போ. தியெரி அண்ணன்தான் சொல்லுவாரு, 'கெளம்பிருச்சு, ஓடு'ன்னு."

மிரேய்க்கு ரத்தம் தலைக்கேறியது. துரோகி! தினமும் தலையாட்டினானே! அப்புறம் என்ன நினைத்தாளோ, அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. கண்ணீர் வரச் சிரித்தாள்.

"சரி, கதவப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, சுண்டு விரலைத் தொட்டாள்.

வித்தை ஒன்றும் ஒட்டவில்லை. வால்ஸின் நடுவில், எப்போதும் வழுக்கும் அதே இடத்தில் வழுக்கினாள். கூடம் மூச்சைப் பிடித்தது. மிரேய்க்கோ மறுபடி சிரிப்பு. "இருங்க, இருங்க" என்று சொல்லி, அந்த இடத்தையே திரும்ப எடுத்து முழுசாக வாசித்து முடித்தாள். முதலில் எழுந்து கைதட்டியது ரெஜின்தான். "என் தங்கச்சி!" என்று பக்கத்திலிருந்த ரொட்டிக்கடைக்காரரைப் பிடித்து உலுக்கினாள். மிரேய் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் தியெரிக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

அன்று மதியம் இசைத்தாளைக் கக்கத்தில் இடுக்கியபடி ஒரு பெண் வந்து கயிற்றோரம் தயங்கினாள். மிரேய் சாப்பிடக் கிளம்பவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"சுண்டு விரல மட்டும்" என்றாள். "மத்த நாலும் என் பொறுப்பு."