திகதி சொல்ல மறுத்தவர்

திலகா அக்காவின் மகள் ஆரணி அழைத்தபோது நான் கொழும்பில், கிராண்ட்பாஸில் ஒரு பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு நின்றேன். "அங்கிள், அம்மா விடியப்புறம் போயிட்டா" என்றாள். மிச்சக் காசை நீட்டிக்கொண்டே கடைக்காரர் "மொகத மல்லி?", என்ன தம்பி என்று சிங்களத்தில் கேட்டார். பாணைக் கடையிலேயே விட்டுவிட்டு வெள்ளவத்தையில் அவர்களுடைய வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

திலகவதி என்பது முழுப்பெயர். எங்கள் வானொலி நிலையத்தில் எல்லோருக்கும் திலகா அக்கா. காலைச் செய்திக்குப் பிறகு போகும் 'இதே நாளில்' நிகழ்ச்சியை அவர் எழுதுவார், நான் வாசிப்பேன். அந்தத் திகதியில் எந்த அரசன் முடிசூடினான், எந்தக் கப்பல் மூழ்கியது, யார் பிறந்தார், யார் இறந்தார் என்று சொல்லும் சின்ன நிகழ்ச்சி. குரல் என்னுடையது என்பதால் புகழ் எனக்கு வந்தது. உழைப்பு முழுவதும் அவருடையது. என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் முஸ்லிம் ஆண்களை அண்ணன் என்ற பொருளில் மரியாதையாக அழைக்கும் வழக்கப்படி என்னை 'நானா' என்றே கூப்பிடுவார். "நான் உங்களுக்குத் தம்பி அக்கா" என்று ஒருநாள் சொன்னேன். "வாசிக்கேக்கை சின்னப் பெடியன் மாதிரித்தான் ஓடுறியள். நானா எண்டு கூப்பிட்டாலாவது பொறுப்பு வரட்டும்" என்றார்.

அவருடைய பிடிவாதம் நிலையம் முழுக்கத் தெரிந்தது. மனிதன் நிலவில் இறங்கிய நாளை உலகம் முழுக்க ஜூலை இருபது என்கிறது. அக்கா அதை இருபத்தொன்றில்தான் எழுதுவார். நேயர்கள் தொலைபேசியில் என்னைப் பிடித்து ஏசுவார்கள். "என்ன அக்கா, சந்திரனுக்கும் நாள் பாக்கிறீங்களா?" என்று எரிச்சலோடு கேட்டேன். "அவை இறங்கேக்கை இஞ்சை நடுச்சாமம் தாண்டி இருபத்தோராம் திகதி. என்ர நேயர் வெள்ளவத்தையில இருக்கிறார் நானா, அமெரிக்காவில இல்லை" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கடைசியில் இருபத்தொன்றில்தான் வாசித்தேன்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். இரண்டு இடத்தில் ஒத்துப்போகாத திகதியை எழுதவே மாட்டார். ஒருமுறை நேரமில்லை என்று ஒரு விஞ்ஞானி இறந்த நாளை ஒரே புத்தகத்தில் பார்த்து நானே சேர்த்துவிட்டேன். அவருடைய முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "காற்றில விட்டதைத் திரும்பப் பிடிக்க ஏலாது. அந்த மனிசன் அண்டைக்கு உயிரோட இருந்திருந்தால்?" என்று கேட்டு அந்த வரியை வெட்டினார். ஒரு திகதிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அன்று எனக்குள் முணுமுணுத்தேன்.

ஆடி மாதம் வந்தால் அவருடைய மேசைப் பக்கம் போகவே பயமாக இருக்கும். இந்த நகரத்தில் தமிழரின் வீடுகள் எரிந்த நாள்களைப் பற்றி அவர் ஒரு வரி எழுதினாலும் மேலிடத்தில் அடித்துவிடுவார்கள். அடித்த இடத்தை வேறு எதையாவது போட்டு நிரப்பச் சொல்வார்கள். "நிரப்பவேண்டாம் நானா. குறைவாய் வாசியுங்கோ" என்பார். அந்த நாள்களில் எங்கள் நிகழ்ச்சி சுருங்கிப்போகும். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஆடி அமாவாசையும் அந்த மாதத்தில்தான் வரும். அக்கா தகப்பனுக்காக விரதம் இருப்பார். அப்படி ஒரு அமாவாசைக்கு மறுநாள், கந்தோரில் எங்களோடு வேலை செய்த ஒரு பெண் மெல்ல, "தம்பிக்கும் சேர்த்துச் செய்திருக்கலாமே அக்கா. திதி தெரியாதவைக்கு அமாவாசையில செய்யலாம் எண்டு ஐயர் சொல்லுறவர்தானே" என்றார். அக்கா எழுந்து போய்விட்டார். அவருக்கு ஒரு தம்பி இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

குகன் என்று பெயர். இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சண்டைக் காலத்தில் ஒருநாள் காலை, கொட்டாஞ்சேனையில் இவர்கள் அப்போது இருந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பிடித்துக்கொண்டு போனதைக் கண்டதாகச் சிலர் சொன்னார்கள். பிறகு அவர்களே தாங்கள் ஒன்றையும் காணவில்லை என்றார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு, காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்று சொந்தக்காரர் நெருக்கியதால் அக்கா ஒரு அரச கந்தோருக்குப் போனார். துணைக்கு என்னையும் அழைத்தார். அதிகாரி கெட்டவர் அல்ல. உட்காரக் கதிரை தந்து, சிங்களத்தில் தணிந்த குரலில்தான் பேசினார். எல்லாம் சரியாக இருக்கிறது, இறந்த திகதி மட்டும் வேண்டும் என்றார்.

"தெரியாது" என்றார் அக்கா.

"யாருக்கும் தெரியாதுதான் மிஸ். காணாமல் போன நாளையே சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன்."

"அது அவன் வேலைக்குப் போன நாள். சாப்பாட்டுப் பெட்டியோட போனவன். அதை எப்படி ஐயா செத்த நாள் ஆக்கிறது?"

"அப்படியென்றால் ஏதாவது ஒரு நாள்..."

அக்கா எழுந்தார். "எனக்குத் திகதிதான் தொழில் ஐயா. தெரியாத திகதியை நான் சொல்லுறதில்லை" என்று நல்ல சிங்களத்தில் சொல்லிவிட்டு நடந்தார்.

மருதானையில் ஒரு கடையில் பால் இல்லாத பிளேன்டீ குடித்தோம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான். "ஒரு நாளைச் சொல்லியிருக்கலாமே அக்கா. உங்களுக்கும் மனசு ஆறும்" என்றேன். "நான் ஒரு நாளைச் சொன்னால், அண்டைக்கு அவனைக் கொன்றது நான் நானா" என்றார். என்னைப் பெற்ற வாப்பா மௌத்தானார்; அவர் இறந்த அந்த நாளில் வருடா வருடம் குர்ஆன் கத்தம் ஓதிச் சோறு கொடுக்கிறோம். ஒரு நாள் இருப்பதும் ஒரு செல்வம்தான் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை.

அதற்குப் பிறகும் தினமும் ஊர் உலகத்தில் செத்தவர்களின் நாள்களை அவர் எழுதினார், நான் வாசித்தேன். 'இறப்பு' என்ற பகுதிக்கு வரும்போது ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அப்பால் இருந்த அவரை நான் பார்ப்பதில்லை.

அக்கா போன எட்டாம் நாள் வெள்ளவத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். 'எட்டுச் செலவு' என்று, போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள். அக்காவின் படத்துக்கு முன்னால் ஒரு வாழையிலையில் சோறும் மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும். பக்கத்தில் இன்னொரு இலை. அதில் மீன் அடைத்த மாலுபாண், ஒரு போத்தல் சோடா, தோல் உரிக்காத ரம்புட்டான். அக்காவுக்கு மாலுபாண் பிடிக்காதே என்று ஆரணியிடம் கேட்டேன்.

"அது மாமாவுக்கு, அங்கிள். ஆஸ்பத்திரியில வைச்சு அம்மா சொன்னவ. 'நான் இருக்கும்மட்டும் வருவான் எண்டு பார்த்தாச்சு. இனி நான் போற நாளையே அவனுக்கும் வைச்சுக்கொள்ளுங்கோ' எண்டு."

அந்தப் பிள்ளை அழவில்லை. நான்தான் வராந்தாவுக்குப் போய் நின்று அழுதேன்.

'இதே நாளில்' நிகழ்ச்சியை இப்போது நானே எழுதி நானே வாசிக்கிறேன். நிலவில் இறங்கியதை இருபத்தொன்றில்தான் வாசிப்பேன், யார் ஏசினாலும். இரண்டு இடத்தில் பார்க்காத திகதியைக் காற்றில் விடமாட்டேன். அடுத்த வருடம் அக்கா போன நாள் வரும்போது மட்டும் அந்த விதியை மீறுவேன். அவருடைய பெயருக்குக் கீழே குகன் என்று எழுதுவேன். மேலிடம் அடித்தால் அடிக்கட்டும், அந்த இடத்தை நிரப்பமாட்டேன். அந்தத் திகதிக்கு இருப்பது ஒரே ஓர் ஆதாரம்தான், திலகா அக்கா. எனக்கு அது போதும்.