ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாத பத்து நாள்

அரை மணித்தியாலம் எண்ட ஒண்டு உலகத்திலை இருக்கெண்டு நம்பவைக்க எனக்கு எட்டு மாசம் பிடிச்சது.

நான் நிரல் எழுதுற கொம்பியூட்டர் மொழி ஒருத்தருக்கும் சொந்தமில்லை. ஆரும் திருத்தம் சொல்லலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு எங்கடை நேரம் விளங்காது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு நிக்கிற எங்களை ஆறெண்டு முழுசாக்கிப் போடும். மயிலிட்டியிலை கடலுக்குப் போற என்ரை அண்ணைக்கு, காத்து எப்ப வரும் எண்டு பாக்க நான் செய்து குடுத்த செயலியும் அந்த மொழியிலைதான். ஒருநாள் அது ஏழு மணிக்கெண்டு காட்டின வாடைக்காத்து ஆறரைக்கே வந்து விழ, மனிசன் வலையை வெட்டி விட்டிட்டு உயிரோடை கரை சேர்ந்தார். அண்டைக்கு நான் அழுத அழுகை! செயலியிலை அரை மணித்தியாலத்தைக் கழிக்கிற மாதிரி ஒரு ஒட்டுப் போட்டன். மொழியின்ரை புதுப் பதிப்பு வர வர ஒட்டுக் கழண்டுபோகும். மொழியையே திருத்தினாத்தான் சரி.

நாலு வரித் திருத்தம். அனுப்பினன்.

அந்த மொழியைப் பராமரிக்கிற ஆக்கள் பரிசீலிக்க வந்தினம் பாருங்கோ! ஒராள், அரை மணித்தியாலம் அபூர்வமாம். பக்கத்து இந்தியாவுக்கும் ஐந்தரைதான், அங்கை எவ்வளவு சனம் எண்டன். "அப்ப அவையும் வந்து கேக்கட்டும்" எண்டார். இன்னொராள், உங்கடை நாடு மணிக்கூட்டை மாத்தினா என்ன எண்டு மரியாதையாக் கேட்டார். பிறகு மூண்டு மாசம், திருத்தத்துக்கு என்ன பேர் வைக்கிறதெண்டு கதைச்சினம். எங்கடை ஆக்கள் பிள்ளைக்குப் பேர் வைக்கவும் இவ்வளவு மினக்கெடேல்லை.

கடைசியா எல்லாரும் ஓம் எண்டு சொல்லிச்சினம். அங்கைதான் ஒரு வழமை. ஓம் எண்ட பிறகு பத்து நாளைக்கு ஒருத்தரும் ஒரு கருத்தும் எழுதக்கூடாது. எழுதினா, திரும்ப முதலாம் நாள். நாளை எண்ணிறது ஒரு ரோபோ நிரல். அதுக்கு ஆட்சேபனையும் ஒண்டுதான், வாழ்த்தும் ஒண்டுதான். எங்கடை பத்து நாள் முடிய, அதுக்கு அடுத்த நாள்தான் வருசத்துக்கு ஒருக்கா வாற புதுப் பதிப்பு.

நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன். ஆனா சந்தோசம் தாங்கேலாமல் திருத்தம் கிடக்கிற இணையப் பக்கத்தை அண்ணைக்குக் காட்டிப்போட்டன். வழமையைச் சொல்ல மறந்தன். விசர் வேலை!

ஒன்பதாம் நாள் ஒரு புதுக் கருத்து. "என்ரை உயிரைக் காப்பாத்தப் பாடுபட்ட ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் மிக்க நன்றி." மகளைக் கொண்டு இங்கிலீசிலை எழுதுவிச்சிருக்கிறார் அண்ணை. திரும்ப முதலாம் நாள். பத்திக்கொண்டு வந்த ஆத்திரத்திலை, "அவர் நன்றிதான் சொன்னவர், தயவுசெய்து அதை எண்ணாதேங்கோ" எண்டு நானும் எழுதினன். அதுவும் ஒரு கருத்துத்தானாம்.

பதிப்பு எங்களை விட்டிட்டுப் போட்டுது. அண்ணையை ஏசிறதுக்கெண்டே மயிலிட்டிக்குப் போனன்.

"உதவி செய்த சனத்துக்கு நன்றி சொல்லாமல் என்னெண்டு தங்கச்சி இருக்கிறது? உவை என்ன சனமடி?" எண்டார்.

நான் அவரின்ரை போனை வாங்கி, கழண்ட ஒட்டைத் திரும்பப் போட்டன். அவர் அதை நம்பேல்லை. வள்ளத்தின்ரை உள்பலகையிலை பெயின்ராலை "அரை மணித்தியாலம் முந்தி" எண்டு பெரிசா எழுதி வைச்சிருக்கிறார். அதுக்கு அவர் ஆரிட்டையும் கேக்கேல்லை.