அண்டாவோடு ஷோரூமுக்கு

என் நாத்தனார் மோனிசோலாவுக்கு எரிந்துபோன வீடுகளைப் பார்ப்பதுதான் உத்தியோகம். லாகோஸில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பை மதிப்பிடும் அதிகாரி. புகை அடங்குவதற்குள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுவார். வீட்டுக்காரர், "எல்லாமே இத்தாலி சாமான் மேடம்" என்று அழுவார். இவர் கருகிய தகரத்தைக் காலால் புரட்டிப் பார்த்து, "இத்தாலியா? ஸ்டிக்கர் வேணா அங்கேருந்து வந்திருக்கும்" என்பார். இப்படியே வாழ்க்கையை ஓட்டியவருக்கு மனிதர்கள் மேல் என்ன மரியாதை மிஞ்சும்? கல்யாணமான புதிதில் நான் கொண்டுவந்த மிக்சியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். நான் அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. மிக்சி அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் கணவர் கோலாப்போ அவருடைய தம்பி. துறைமுகத்தில் சரக்கு விடுவித்துக் கொடுக்கும் தொழில். கையில் கொஞ்சம் வசதி வந்ததும் லாகோஸின் பணக்காரப் பகுதியான லெக்கியில் வீடு கட்டினோம். அங்கே கட்டுகிற எல்லாரையும் போல எங்களுக்கும் இரண்டு சமையலறை. முன்னால் இருப்பது விருந்தாளிகள் பார்க்க, பின்னால் இருப்பது சோறு ஆக்க. பார்க்கிற சமையலறைக்குத்தான் என் கணவர் உயிரை விட்டார். ஆறு பர்னர், இரண்டு ஓவன் சேர்ந்த பெரிய ஐரோப்பிய அடுப்பு, கதவில் திரை பதித்த ஃபிரிட்ஜ். சாப்பிடும்போதும் போனில் அவற்றைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாலாயிரம் பேரு அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கான். ஒருத்தன்கூட குறை சொல்லல."

"எந்த ஊர்க்காரனுங்கடா அவனுங்க?"

"ஜெர்மனி, அமெரிக்கா..."

"அங்க கரண்ட் போனா பேப்பர்ல போடுவான். இங்க கரண்ட் வந்தா தெருவே கூச்சல் போடுது. அவன் குடுத்த ஸ்டார எடுத்து நெத்தியில ஒட்டிக்கோ."

விக்டோரியா தீவில் அவற்றை விற்ற கடைக்கு அக்கா வந்தது என் தப்பில்லை. அவராகவே காரில் ஏறிக்கொண்டார். கடையில் சிடுபெம் என்ற இளைஞன், அத்தர் மணக்க, எங்களைச் சுற்றிவந்தான். ஃபிரிட்ஜ் கதவை மூடிக் காட்டினான்.

"சத்தம் கேட்டீங்களா மேடம்? விலை உயர்ந்த கார் கதவு மூடற மாதிரி இருக்குல்ல?"

"நான் இதுல ஏறி ஆபீஸ் போகப் போறதில்ல தம்பி. உள்ள இருக்கற போர்டு எரிஞ்சா யாரு வருவா?"

"எங்க இன்ஜினியர் வருவாரு மேடம்."

"அவரு பேரு?"

சிடுபெம் கூரையைப் பார்த்தான். "அவரு இப்ப லீவுல இருக்காரு."

"லீவுல இருந்தா பேரு போயிடுமா?"

உத்தரவாத அட்டையைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, கடைசிப் பக்கத்தைக் கடைக்கே கேட்கும்படி வாசித்தார். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் கம்பெனி பொறுப்பாகாது என்று அதில் இருந்தது. "அப்போ இந்த ஊருல எதுக்குத்தான்டா பொறுப்பு? திருட்டுப்போனாலா?" என்றார். அடுப்பும் தப்பவில்லை. டிரைவரை அனுப்பி, டிக்கியில் தான் ஏற்றி வந்திருந்த அலுமினிய அண்டாவை எடுத்துவரச் சொன்னார். கல்யாண வீடுகளில் ஜோலோஃப் சோறு கிண்டுகிற அண்டா. பளபளக்கிற அடுப்பின் மேல் அதைத் தொப்பென்று வைத்தார். மூன்று பர்னர்கள் அதற்கடியில் காணாமல் போயின. கம்பி ஒரு பக்கம் சாய்ந்தது.

"மேடம்! அது காட்சிக்கு வச்சது!"

"அதான் தெரியுதே."

அங்கே நின்ற இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எங்களைக் கெடுத்தது. என் கணவரின் காது சிவந்தது. "ரெண்டையும் பில் போடு" என்றார்.

கிரகப்பிரவேசத்துக்கு அக்கா வந்தார், நல்ல லேஸ் உடுத்தி, தலையில் பெரிய துணிக்கட்டோடு. அடுப்பைப் பற்றவைத்ததும் தீ முழ உயரத்துக்கு மஞ்சளாக எழும்பியது. குழாய் கேஸுக்கென்று செய்த அடுப்பு அது. எங்களிடம் இருந்தது சிலிண்டர். பர்னருக்குள் மாற்ற வேண்டிய சின்ன கேஸ் முனைகளை மாற்றித் தரக் கடையில் யாருக்கும் தோன்றவில்லை. பாத்திரங்கள் கரிப்பிடித்தன, வெள்ளைக் கூரையில் புகை படிந்தது. பின் சமையலறைக்கு இன்னும் அடுப்பே வாங்கவில்லை; சமையல்காரர்கள் பின்முற்றத்தில் விறகு மூட்டினார்கள். அந்தப் புகையில் வெந்த சோறு பிரமாதமாக இருந்தது என்பது எரிகிற புண்ணில் மிளகாய். ஃபிரிட்ஜ் இன்னும் சில வாரம் தாங்கியது. கரண்ட் போய், ஜெனரேட்டர் வந்து, மறுபடி கரண்ட் பாய்ந்த ஒரு மதியம் அதன் திரை லாகோஸில் மழை என்று காட்டிவிட்டு அணைந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கடைக்குப் போனோம். அங்கே இப்போது சோபா விற்கிறார்கள்.

"சொன்னேன்ல?" என்று அக்கா கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. உருகி ஒழுகின ஆட்டுக்கறியை வாளியில் அள்ளும்போது என்னோடு உட்கார்ந்து அள்ளினார். பிறகு, "எழுந்திரு. மீன் மார்க்கெட்டுக்குப் போவோம்" என்றார்.

உறைமீன் விற்கும் பெண்களுக்கு ஃப்ரீசர் நின்றால் பிழைப்பே நின்றுவிடும். அதனால் அவர்களிடம் கேட்கலாம் என்பது அவர் கணக்கு. கேட்டதை அப்படியே நம்பினாரா? அதுவும் இல்லை. ஒருத்தி தன் ஃப்ரீசரை வானளாவப் புகழ்ந்தாள். அக்கா மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டார்.

"ஏம்மா, இது ஐஸ் கம்பெனி மூட்டைல்ல? மீன ஐஸ் காக்குது. பொட்டி சும்மா நிக்குது."

"அது... கூட்ட நாளைக்குத்தாம்மா..."

"இப்படிப் புகழ ஃப்ரீசர் ஏஜென்ட் எவ்வளவு குடுத்தான்?"

அவள் திட்டிய திட்டை நான் எழுத முடியாது. அக்கா அசரவில்லை. கடை கடையாகக் குனிந்து, பின்பக்கத்துத் துருவைப் பார்த்து, பழுதுபார்க்கிறவன் எங்கே இருக்கிறான், உதிரி சாமான் அன்றைக்கே கிடைக்குமா என்று விசாரித்து, கடைசியில் ஒரு வெள்ளைப் பெட்டி ஃப்ரீசரையும் தடித்த இரும்பு அடுப்பையும் ஒரு கனமான ஸ்டெபிலைசரையும் வாங்க வைத்தார். அவலட்சணம் என்றால் அப்படியொரு அவலட்சணம். இன்றுவரை எங்கள் குடும்பம் சாப்பிடுவது அவற்றால்தான். என் கணவர் அவற்றைப் பின் சமையலறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

முன் சமையலறையில் இருந்தவை பளபளத்தன. அவற்றைப் பார்த்து மயங்கியவர் கணவரின் நண்பர் இகோடாரோ. அடுப்பை வாங்கிக்கொள்கிறேன் என்றார். என் கணவரும் குறையைச் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டார். விஷயம் அக்கா காதுக்குப் போனதும் நேராக இகோடாரோ வீட்டுக்கே போய்விட்டார், என்னையும் இழுத்துக்கொண்டு.

"அது சரியா எரியாது. என் தம்பி சொல்லமாட்டான், நான் சொல்றேன்."

இகோடாரோ சிரித்தார். "அக்கா, தம்பி சம்பாதிச்சத பார்த்து உங்களுக்கு இவ்வளவு வயித்தெரிச்சல் வேணாம். எரியுதா எரியலையாங்கறது யாருக்கு வேணும்? எங்க ஹாலுக்குப் பொருத்தமா இருக்கு."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பொய் சொல்கிறவனை அவருக்குத் தெரியும், ஏமாறுகிறவனைத் தெரியும். உண்மையைக் கேட்டுக்கொண்டு சந்தோஷமாக ஏமாறுகிறவனை அவர் எந்தத் தீயிலும் பார்த்ததில்லை போலும். அதற்குப் பிறகு தம்பியோடு ஈஸ்டர் வரை பேசவில்லை.

அடுப்பு போய்ச் சேர்ந்த மறுநாள் இகோடாரோவின் மனைவி இசோக்கென் எனக்குப் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உன் நாத்தனார் நம்பர் குடேன். எங்க வீட்டுலயும் சோறு ஆக்கணும்ல. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்."

அக்காவிடம் சொன்னேன். சீ என்று முகத்தைச் சுளித்தார். புருஷன்களையும் பெண்டாட்டிகளையும் ஒரே மூச்சில் ஏசி முடித்தார். பிறகு கேட்டார்:

"வீட்டுல எத்தனை பேரு சாப்பிடறாங்களாம்?"