முஸ் வந்த யன்னல்

டென்மார்க்கின் ஹ்விடோவ்ரேயில், யன்னலோரம் குருவிக்கு விதை வைக்கும் சிரட்டைக்குத் தயிர்வாளி மூடியால் மழைக்கூரை கட்டிக்கொண்டிருந்தேன். விதையோடு கலந்ததில் கையில் ஒட்டிய தேங்காயெண்ணெய் வாசம், நான் வளர்ந்த கிரின்ஸ்டெட் ஊருக்கு இழுத்துப்போனது.

அங்கே அப்பா, குருவி குந்துவதற்கென்று உடைந்த கரண்டிக்காம்பைச் சிரட்டையில் செருகுவார். ‘முஸ்வித்’ என்னும் அந்தக் குருவியைச் செல்லமாக ‘முஸ்’ என்பார். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியிடமும், “நான் முஸ்ஸுக்குச் சாப்பாடு போடுறன்” என்று டேனிஷில் பெருமையாகச் சொன்னார். டேனிஷில் முஸ் என்றால் எலி. அவள் மகன் என் வகுப்பு. மறுநாளே பள்ளிக்கூடத்தில் நான் ‘எலிக்காரி’.

“அப்பா, இனி ஒருத்தரோடையும் கதைக்காதேங்கோ!”

“ஏனம்மா, நல்லாத்தானே கதைச்சனான்?”

இன்று குருவி வந்து குந்தியதும், “முஸ் வந்திட்டுது!” என்று கத்திவிட்டேன். மகள் ஓடிவந்து யன்னலைச் சாத்தினாள். “அம்மா, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்” என்றாள், டேனிஷில்.

“ஏனம்மா, நல்லாத்தானே கதைச்சனான்?” என்றேன்.