எங்கள் ஊரின் சனத்தொகை

ஒஸ்லோவில் நான்காம் வகுப்புப் படித்தபோது எனக்கு ஒரு பஸ்ஸின் மேல் பொறாமை வந்தது. நான் கண்ணாலும் காணாத பஸ். அந்த ஆண்டுதான் தமிழ்நாட்டிலிருந்து ஒருத்தி எங்கள் வகுப்பில் வந்து சேர்ந்தாள். அதுவரை வகுப்பில் நான் மட்டும்தான் தமிழ். அதனால் கிடைத்த கவனமெல்லாம் எனக்கே சொந்தமாக இருந்தது. வந்தாள், பங்குக்கு.

அம்மா அப்பாவின் ஊரைப் பற்றி ஒரு பெரிய தாளில் எழுதிப் பள்ளி மண்டபச் சுவரில் ஒட்ட வேண்டும் என்றார் ஆசிரியை. ஊரில் எத்தனை பேர், அங்கே எப்படிப் போவது, இரண்டும் கட்டாயம். அவள் மறுநாளே கொண்டுவந்துவிட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். தவறவிட்டால் மெயின் ரோட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் நடை. மழை பெய்தால் பஸ் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்று திரும்பிவிடுமாம். அவள் கண்டக்டர் மாதிரி விசில் அடித்துக் காட்ட, வகுப்பே அவள் பின்னால் பஸ்ஸாக ஓடியது. ஆசிரியையும் ஓடினார்! ஒரு ஓட்டை பஸ்ஸுக்கு இவ்வளவு கொண்டாட்டமா?

வீட்டுக்குப் போனதும், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பிடித்தேன்.

"அப்பா, எங்கடை ஊரிலை எத்தினை சனம்?"

"இப்பவோ? ஒருத்தரும் இல்லை."

"அப்ப பஸ்?"

"சண்டையிலை ஆமி பிடிச்சு வைச்சிருக்கிற இடத்துக்கு ஆர் பிள்ளை பஸ் விடுறது?"

அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு ஊரை ஒழுங்காக வைத்திருக்கத் தெரியாத மனிதர்!

அப்போதுதான் ஊர்ச்சங்கத்தின் பட்டியல் கண்ணில் பட்டது. இடம்பெயர்ந்து உலகமெல்லாம் சிதறிய எங்கள் ஊர்க்காரர் எந்த நகரத்தில் இருக்கிறார்கள், வீட்டில் எத்தனை பேர், தொலைபேசி எண் என்ன என்று அதில் இருக்கும். கல்யாணம், செத்தவீடு சொல்வதற்காகப் போட்டது. உட்கார்ந்து கூட்டினேன். அறுநூற்று நாற்பத்தொன்று! அவளுடைய ஊரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எப்படிப் போவது? பக்கத்து நகரம் திராமனுக்கு ரயில், வடகோடியிலுள்ள பாட்ஸ்பியோர்ட்டுக்குச் சின்ன விமானம், கடல் கடந்து ரொறன்ரோவுக்குப் பெரிய விமானம். பஸ்ஸாம் பஸ்!

என் தாளை அவளுடையதற்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். அவள் நிதானமாக வாசித்தாள்.

"அப்ப உங்க ஊர்ல இப்ப யாரு இருக்காங்க?"

"ஒருத்தரும் இல்லை," என்றேன், பெருமை பொங்க. "எல்லாரும் வெளிநாடு."

அவள் என் எண்ணைத் திரும்பவும் ஒருமுறை வாசித்தாள். எனக்கு அதுவும் போதவில்லை. கொஞ்சம் அழுதிருக்கலாம்.

பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா வேலை உடுப்புடனேயே வந்தார். முதலில் அவளுடைய தாளை முழுதாக வாசித்தார். பிறகு என்னுடையதை விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தார். ஆசிரியையிடம் ஒரு பென்சில் வாங்கி, என் எண்ணை வெட்டி, அறுநூற்று நாற்பத்திரண்டு என்று எழுதினார்.

"ஒராள் விடுபட்டுப்போச்சு. உன்ரை பெரியப்பா. எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிடேக்கை, மாட்டை அவிட்டு விட்டுட்டு வாறன், நீங்கள் நடவுங்கோ எண்டவர். அவருக்கு நம்பர் இல்லை, அதாலை லிஸ்ட்டிலை இல்லை."

"அவரிட்டை எப்பிடிப் போறது?" என்று கேட்டேன், 'எப்படிப் போவது' என்ற வரியிலும் எதையாவது சேர்த்துவிடலாம் என்ற ஆசையில்.

அப்பா பென்சிலை ஆசிரியையிடம் திருப்பிக் கொடுத்தார். நானும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. அப்பா என் பக்கம் நின்று, அவளைத் தோற்கடிக்கத்தான் ஒன்றைக் கூட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். மண்டபத்தின் மறுகோடியில் நின்ற அவளிடம் மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சொன்னேன்:

"எங்கடை ஊரிலை இன்னும் ஒராள் கூடிட்டுது!"