ரோஸ் கலர் ஓட்டையில் மாட்டிய மைக்

இன்று மதியம் கம்ப்யூட்டரில் ஒரு மைக் மாட்டினேன். அடித்தது பாருங்கள் ஒரு ஷாக்!

(கரன்ட் ஷாக் இல்லை. அதைவிடப் பெரியது.)

சவூதியில் வேலை பார்க்கும் என் மச்சான், அதாவது வீட்டுக்காரர், எங்கள் மூன்று வயது மகளின் பேச்சைக் கேட்க ஒரு மாதமாக ஒரே பாட்டு. "பாப்பா பேசுறத ரெக்கார்டு பண்ணி மெயில்ல அனுப்பு."

"கேமராவே வாங்கிருறேன் மச்சான். மொகத்தையே பாத்துப் பேசலாம்ல?"

"கேமராவெல்லாம் வேணாம். மைக் போதும்."

சரியென்று ராமநாதபுரம் போய், கடையில் இருப்பதிலேயே மலிவான மைக்கை வாங்கி சாயல்குடிக்குக் கொண்டுவந்தேன்.

எட்டு மாத வயிற்றோடு சிபியூவின் பின்பக்கம் குனிந்து சொருகுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

ஒரு சத்தமும் பதிவாகவில்லை!

கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"எந்தக் கலர்ல சொருகுனீக?"

"பச்சையிலண்ணே."

"அது ஸ்பீக்கருக்குத் தங்கச்சி! பக்கத்துல ரோஸ் கலர் இருக்கும், அதுல மாட்டுங்க. வால்யூம் கன்ட்ரோல்ல மைக் பூஸ்ட்டுன்னு இருக்கும், அதுல டிக் போடுங்க. கொசு பறந்தாக்கூடக் கேக்கும்."

போட்டேன். ரெக்கார்டு பட்டனை அழுத்தி "ஹலோ, ஹலோ" என்றேன். வெளியே சடசடவென்று மழை! கொடியில் துணி! அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தால் ரெக்கார்டிங் தானாக நின்றிருந்தது. (ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடாதாம்.) ப்ளே செய்தேன்.

என் ஹலோ. கதவுச் சத்தம். பிறகு, ஹாலில் போன் பேசும் மாமியாரின் குரல்.

"அவ வெளிய போயிருக்கா, சொல்லு மவனே. கட்டுப் பிரிச்சாச்சா? யா அல்லா! எடது கண்ணு இன்னுமா தெரியல? இல்லப்பா, அவகிட்ட மூச்சு விடல. புள்ள பொறக்குற வரைக்கும்..."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

மூன்று முறை போட்டுக் கேட்டேன். அவர் கேமரா வேண்டாமென்றது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஹாலுக்குப் போனேன். "மாமி, மச்சானுக்குக் கண்ணுல என்ன?"

மாமி கையிலிருந்த போன் நழுவி விழுந்தது.

"ஒனக்கு யாரும்மா சொன்னா?"

"நீங்கதான்!"

மாமி என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "வேலை செய்யிற எடத்துல கம்பி தெறிச்சுருச்சும்மா. ஆபரேசன் ஆயிருச்சு. வயித்துப் புள்ளக்காரிகிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

ஒரு மாதம்! தொழுகை முடிந்ததும் மாமி அழுவதைப் பார்த்து, முழங்கால் வலியென்று நினைத்து நான் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன்!

மச்சானுக்குப் போன் போட்டேன்.

"எடது கண்ணு எப்படி இருக்கு மச்சான்?"

"அம்மா சொல்லிருச்சா?" என்றவர், பிறகு ஒப்புக்கொண்டார்.

"நெழலாட்டம் தெரியுது. போகப் போகத் தெளியலாம்னு டாக்டரு சொல்றாரு."

"ஊருக்கு வாங்க."

"இந்த மொகத்தோடயா? பாப்பா பயந்துக்கிருவா."

"ஒரு நாளைக்குப் பயப்படுவா. மறுநாள் உங்க தோள்ல ஏறி உக்காந்துக்கிருவா. வாங்க மச்சான்."

அவர் அழுதார். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவர் அழுது நான் கேட்டதே இல்லை.

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். பிரசவத்துக்குள் வந்துவிடுவார், இன்ஷா அல்லாஹ்.

இவ்வளவையும் மறைத்த அம்மாவையும் மகனையும் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா? நீங்களே சொல்லுங்கள் மக்களே!

(மாமியிடம் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து முடித்துவிட்டேன்.)