சிறுநீரில் வந்த ஐந்து

மலேசியாவில், லிங்கி பக்கம் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். ஆசிட் ஊற்றி, பிஎச் அளவு ஐந்துக்கு இறங்கினால் ரப்பர் பால் உறைந்துவிடும் என்பது எனக்கு அத்துப்படி. அதனால், வழக்கமான பரிசோதனையில் என் சிறுநீரின் பிஎச் ஐந்து என்று பார்த்ததும் கலங்கிப்போனேன். மனைவி போனபின் தனிக்கட்டை. சொல்லி அழவும் ஆளில்லை. கிளினிக்குக்கே திரும்பப் போய்த் தாதியிடம் கேட்டேன்.

“கிட்னி உறைஞ்சு போச்சாம்மா?”

அவள் சிரித்துவிட்டாள். “ஐயோ அங்கிள், உங்க கிட்னி என்ன ரப்பர் பாலா? நாலரையிலேருந்து எட்டு வரைக்கும் நார்மல்தான் லா. காலையில எடுத்தா ஆசிட் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். முதல் நாளு மீனு, கோழி சாப்பிட்டீங்களா?”

“மீன்தான். ரெண்டு துண்டு.”

“யாரு சமைச்சா?”

“நான்தாம்மா.”

“பரவாயில்லையே! மத்ததெல்லாம் நல்லா இருக்கு. இனி அடுத்த வருஷம் வந்தா போதும்.”

நிம்மதியாக எழுந்திருக்க வேண்டியவன், நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். என்ன சாப்பிட்டேன், யார் சமைத்தது என்று இனி ஒரு வருடத்துக்கு என்னை யாரும் கேட்கப்போவதில்லை. நோயைவிட அதுதான் பயமாக இருந்தது.

“பிரஷரையும் ஒருதடவை பாத்துடும்மா” என்று கையை நீட்டினேன்.